கெட்டவர் இல்லாத வீடு

"இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள என்னை எப்படியாச்சும் நல்லவனாக்கிடுங்க மேடம்."

சென்னப்பன் இப்படிச் சொல்லிக் கைகூப்பியபோது காலை மணி எட்டு இருபது. வாயருகே கொண்டுபோன டீயை முனிலட்சுமி அப்படியே மேஜையில் வைத்தாள்.

சென்னப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூபர்வைசராக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஊர் அவரை மறந்து ஆறு மாதமாகிறது. இப்போது எல்லோருக்கும் அவர் பண்ணையார் வரதராஜன். 'நாகவேணி நிவாஸ்' தொடரில் மருமகளைப் பட்டினி போட்டவர், மருமகளின் படிப்புச் சான்றிதழ்களை அடுப்பில் போட்டவர், போன வாரம் அவளுடைய செருப்பைக்கூட ஒளித்துவைத்தவர்.

"என்னண்ணா ஆச்சு?"

"எம் பொண்ணைப் பாக்க மாலூர்ல இருந்து வர்றாங்க மேடம். இன்னைக்கு ஆறு மணிக்கு."

"நல்ல விஷயம்தானே?"

"அவங்க நம்ம சீரியலைக் கன்னடத்துல ஒரு நாள் விடாமப் பாக்கறவங்களாம். ஆறரைக்கு எங்க வூட்டுக் கூடத்துல உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருப்பாங்க. எதுக்க டி.வி.யில நான் மருமகளைத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி கேட்டுக்கு வெளிய தள்ளுவேன். அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு, எம் பொண்ணை நல்லா பாத்துக்கங்கன்னு சொல்றது?"

முனிலட்சுமி அந்தத் தொடரின் தலைமை எழுத்தாளர். பதவிக்கு வந்து இரண்டு மாதம்தான். கதை எந்தப் பக்கம் போகவேண்டும், எந்தக் காட்சியை யார் எழுதவேண்டும், எது நிற்கும், எது கிழியும் என்று தீர்மானிப்பவள் அவள். அவளுடைய கையெழுத்து விழாத காகிதத்தை வைத்துக்கொண்டு படப்பிடிப்பு நடக்கும் பங்களாவில் ஒரு நடிகர் தும்மக்கூட முடியாது. எழுத வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் சிப்காட்டில் தரப் பரிசோதனையில் இருந்தாள். உருப்படியைக் கையில் எடுத்து, ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்து, ஆகும், ஆகாது என்று இரண்டு கூடைகளில் போடுகிற வேலை. இப்போது காட்சிகளை அப்படிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பொய்யான காரணத்தைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுக்குப் பெயர்.

எனவே சென்னப்பனையும் ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"தரகரே நேத்துதான் சொன்னாரு மேடம். பையனோட அம்மா என் போட்டோவைப் பாத்ததும் கையில இருந்த தட்டைக் கீழ வச்சிட்டாங்களாம். 'இவர மனெய ஹெண்ணா?'ன்னு கேட்டாங்களாம். இந்தாளு வூட்டுப் பொண்ணான்னு."

"வேற நாள் வரச்சொல்லலாமே?"

"ஆவணி முடியுதுங்களே. நாளன்னைக்குப் புரட்டாசி."

"டி.வி.யை அணைச்சு வையுங்க."

"அவங்களே போடச் சொல்லுவாங்க மேடம். போடலைன்னா மறைக்கறோம்னு ஆயிடும்."

எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஓர் இடத்திலும் பிசிறில்லை. கடைசியில் சென்னப்பன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு ஒரு வார்த்தை குறை சொல்லலை மேடம். 'நீ நடிக்கிறதை விட வோணாம்ப்பா, இந்த இடம் இல்லைன்னா போவுது'ன்னு சொல்லிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அழுதாளா தூங்கினாளான்னு எனக்குத் தெரியலை" என்றார்.

அந்த வாக்கியம் முனிலட்சுமியை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. அவளுடைய அக்காவுக்கு வந்த வரன் ஒன்று, யாரோ எதையோ கிளப்பிவிட்டதில் வெற்றிலை பாக்கு மாற்றுகிற அன்றைக்கு நின்றுபோனது. அக்காவும் இப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இதை அவள் எழுத்தறையில் ஒரே ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டின்போது, வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள்.

"போயி மேக்கப் போடுங்கண்ணா. இன்னைக்கு நீங்க திருந்தறீங்க."

அவர் போனதும் பக்கத்து மேஜையிலிருந்த முத்துக்குமார் மெல்லத் தொண்டையைச் செருமினார். தென்காசிப் பக்கத்துக்காரர். சீரியல் எழுத்தில் பன்னிரண்டு வருஷம் போட்டவர். முந்தைய தலைமை எழுத்தாளர் விலகியபோது அந்த நாற்காலி அவருக்குத்தான் என்று டீ கொடுக்கிற அம்மாள் முதற்கொண்டு எல்லோரும் நம்பினார்கள். வந்தது முனிலட்சுமி. அதை அவர் மனதில் வைத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. அவள் திருப்பியனுப்பும் காட்சிகளைச் சிரித்த முகத்தோடு வாங்கி மறுபடி எழுதுவார். திருப்பியனுப்பும்போது அவள் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்: காரணம் பலமா இல்லைண்ணா.

"மேடம், வேண்டாமே. ஒரே நாளுல வில்லன் திருந்தினா சனங்க ஒத்துக்கிடுவாங்களா?"

"ஒத்துக்கிற மாதிரி எழுதுங்கண்ணா. ஒரு பொண்ணோட வாழ்க்கை."

"நீங்க சொன்னாச் சரிதான்."

நிலைமை சாதாரணமானதல்ல. பத்து நாள் விடாமல் பெய்த மழையில் படப்பிடிப்பு நின்று, கையிருப்பில் ஒரு எபிசோடுகூட இல்லை. அன்றைக்கு எடுத்தால்தான் அன்றைக்கு ஒளிபரப்பு. மாலை நாலரைக்குள் சேனலுக்குப் போயாகவேண்டும். அதுவும் ஒவ்வொரு காட்சியையும் தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை எடுக்கவேண்டும். இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற ஆட்கள் கிடைப்பார்கள் என்பதற்காகத்தான் சூளகிரி தாண்டி மாந்தோப்புக்குள் இந்தப் பங்களாவைப் பிடித்து, உள்ளூர்க்காரர்களையே நடிக்க வைத்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு வரதராஜன் திருந்தினார். பூஜையறை விளக்கு தானாக அணைய, மருமகள் அதை ஏற்ற, அவர் மனம் உடைந்து இரண்டு மொழியிலும் தேம்பித் தேம்பி அழுதார். லைட் பிடித்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்தே காலுக்குக் குருமூர்த்தி எழுத்தறைக்குள் பாய்ந்து வந்தார். தயாரிப்பாளரும் அவரே, இயக்குநரும் அவரே என்பதால் பதற்றமும் அவருக்கு இரட்டையாக இருந்தது.

"அந்தாளு திருந்திட்டாரு, சந்தோசம். மருமகளை யாரு வெளிய தள்றது? மூணு நாளா ப்ரோமோ ஓடுது. ஒரு கை வந்து அந்தப் பொண்ணு மணிக்கட்டைப் புடிக்குது. 'இன்று வாசல் தாண்டுகிறாள் மருமகள்'னு போட்டிருக்கான். இப்ப யாரோட கை அது?"

முனிலட்சுமிக்கு அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. "மாமியார் தள்ளட்டும் சார். இத்தனை நாள் நல்லவளா நடிச்சது வேஷம்னு வச்சுக்கலாம்."

மாமியார் நாகவேணியாக நடித்த வெங்கடம்மாள் ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெற்றிப்பொட்டு வைக்கப்போன கை நின்றது.

"மேடம், ஞாயித்துக்கிழமை எங்க ஊரு பால் சொசைட்டித் தேர்தல். நான் நிக்கிறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

"நூத்தி நாப்பது ஓட்டு. அதுல நூறு ஓட்டு மருமகளுங்க. இன்னைக்கு நான் ஒரு மருமகளை வெளிய தள்ளினேன்னா, ஞாயித்துக்கிழமை அவளுங்க என்னைத் தள்ளிடுவாளுங்க. வோணும்னா நகைப் பெட்டியை மருமக கையில குடுக்கற மாதிரி ஒண்ணு எழுதுங்க. நடிச்சுக் குடுக்கறேன்."

முனிலட்சுமி இதையும் திருப்பிப் பார்த்தாள். தேர்தல், எண்ணிக்கை, நாள், எல்லாம் கெட்டியாக இருந்தது. வரதராஜன் மருமகளை இழுக்கிற காட்சி போய்விட்டதால் எபிசோடில் எட்டு நிமிஷம் காலியாகவும் கிடந்தது. நகைப் பெட்டிக் காட்சியை எடுத்தார்கள். வெங்கடம்மாள் ஒட்டியாணம் வரைக்கும் கழற்றிக் கொடுத்தாள்.

"மூத்த மகன்," என்றாள் முனிலட்சுமி அடுத்தபடியாக. "சொத்து எல்லாம் தம்பி பொண்டாட்டிக்குப் போவுதேன்னு அவனுக்குக் காந்தல். அவன் புடிச்சு இழுக்கறான். ப்ரோமோல தெரியறது வெறும் கைதான், யாரோடதா வேணும்னாலும் இருக்கலாம்."

"மாதேஸ்வரன் ஒத்துக்கிடுவாரான்னு பாத்துக்கிடுங்க மேடம்," என்றார் முத்துக்குமார்.

மூத்த மகனாக நடித்த மாதேஸ்வரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் நடிக்காத நேரத்தில் ஒரு கம்பெனியின் பஸ் ஓட்டுகிறவன்.

"போன வாரம் ஒரே ஒரு சீன்ல அந்தப் பொண்ணை முறைச்சேன் மேடம். மறுநாள் செகண்ட் ஷிப்ட் பொண்ணுங்க என் வண்டியில ஏற மாட்டேன்னுட்டாங்க. ஹெச்.ஆர். கூப்பிட்டு, 'ஏம்பா, வீட்ல எல்லாம் ஒழுங்கா இருக்கியா'ன்னு கேக்கறாரு. இன்னைக்குக் கையைப் புடிச்சு இழுத்தேன்னா ஸ்டீயரிங்கைப் புடுங்கிடுவாங்க."

"அப்ப என்னதான் பண்ணுவ?"

"குடம் தூக்கறேன் மேடம். அண்ணி, நீங்க ஏன் சுமக்கறீங்க, குடுங்கன்னு வாங்கிக்கறேன். பஸ்ல ஒரு மரியாதை இருக்கும்."

"அவ உன் தம்பி பொண்டாட்டிடா. அண்ணின்னு கூப்பிடுவியா?"

"நல்லவனா இருக்கறதுன்னு ஆயிப்போச்சு, கூப்பிட்டா என்னங்க?"

அந்தக் காட்சியும் எடுக்கப்பட்டது. அண்ணி என்பதை மட்டும் அவள் வெட்டிவிட்டாள்.

மணி பன்னிரண்டு. நாகவேணி நிவாஸில் கெட்டவர் ஒருவரும் இல்லை. மாமனார் திருந்தி மருமகளை மகளே என்கிறார். மாமியார் நகையைக் கழற்றிக் கொடுக்கிறாள். மூத்தவன் குடம் சுமக்கிறான். அந்தப் பெண் எதற்காக வாசலைத் தாண்டவேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"அவளே போகட்டும்," என்று முனிலட்சுமி சொன்னபோது அவள் குரலிலேயே பலம் இல்லை. "இவ்வளவு அன்பை என்னால தாங்க முடியலைன்னு சொல்லிட்டு..."

முத்துக்குமார் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் எடுத்தார்கள். மருமகளாக நடித்த கவிப்ரியா பெட்டியோடு வாசல்வரை போய், திரும்பி, "சார், நான் ஏன் போறேன்?" என்று கேட்டாள்.

எடுத்தவரைக்கும் சேனலுக்கு அனுப்பிப் பார்த்தார் குருமூர்த்தி. பத்தாவது நிமிஷம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னய்யா இது? எபிசோடா, குடும்ப போட்டோவா? வீடு பூரா தெய்வங்களா உக்காந்திருக்காங்க, அந்தப் பொண்ணு பொட்டி தூக்கிட்டுப் போறா. அவளுக்கு என்ன பைத்தியமா? நாலரைக்குள்ள ஒரு வில்லன் வரணும். இல்லைன்னா பழைய எபிசோடைப் போட்டுடுவோம். திங்கள்கிழமையில இருந்து ஆறரை ஸ்லாட்டுக்கு வேற சீரியல் ரெடியா இருக்கு. சொல்லிட்டேன்."

போன் வைக்கப்பட்டது. குருமூர்த்தி யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எழுபது பேரு மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே மாமர நிழலில் தட்டேந்தி நின்றவர்களைப் பார்த்தார்.

முனிலட்சுமியும் அவர்களைப் பார்த்தாள். எழுபது பேரில் பாதிப் பேர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். தானும்தான். ஒரே ஒரு கையெழுத்து. காலையில் இரக்கப்பட்டுப் போட்ட ஒரே கையெழுத்து. பேசாமல் சென்னப்பனைக் கூப்பிட்டு, திருந்தியது கனவு என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். உடனே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு கண்ணுக்கு வந்தது.

"வெளியில இருந்து ஒரு ஆளைக் கொண்டு வரணும்," என்றாள். "வரதராஜனுக்கு ஒரு தங்கச்சி. இருவது வருசமா பேச்சுவார்த்தை இல்லை. மைசூர்ல இருக்கா. அண்ணன் சொத்து மருமக கைக்குப் போவுதுன்னு கேள்விப்பட்டு இன்னைக்கு வந்து எறங்கறா. அண்ணன் திருந்தினது, அண்ணி நகை குடுத்தது, இவன் குடம் தூக்கினது, எல்லாத்தையும் பாத்துட்டு, 'உங்களை எல்லாம் மயக்கி வச்சிருக்காடா'ன்னு சொல்லி அவ கையைப் புடிக்கறா."

குருமூர்த்தி நிமிர்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. "நிக்குது மேடம். எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சிருச்சு. பேரு?"

"சௌந்தரவல்லி."

"ஆளு?"

அதுதான் இல்லை. ஓசூரில் ஒரு நாடக நடிகைக்குப் போன் போட்டார்கள். அவர் பெங்களூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக ஒரே லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"நம்ம டெய்லர் நாராயணம்மா?" என்றார் முத்துக்குமார் தயங்கியபடி. "மொகத்தைப் பாத்தா எனக்கே அளவு குடுக்க நடுக்கமா இருக்கும்."

நாராயணம்மாவுக்கு முகம் அப்படித்தான். புருவம் கூடி, உதடு இறுகி, எப்போதும் யாரையோ கண்டிக்கப்போவது போல இருப்பாள். பட்டுப்புடவை கட்டி, மூக்குத்தி வைத்து நிறுத்தியதும் தளமே இரண்டடி பின்வாங்கியது. முத்துக்குமார் அதற்குள் வசனத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நாலு பக்கம். முனிலட்சுமி நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க அவள் பேனா திறக்கவேயில்லை. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை.

"இவ்வளவு சீக்கிரம் எப்படிண்ணா?"

"அவசரத்துல வந்துருச்சு மேடம்."

இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவர் எழுதியதில் ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டாள். கூடவே, இந்த மனிதரைக் கொஞ்சம் அதிகமாகவே படுத்திவிட்டோமோ என்றும் தோன்றியது.

மணி இரண்டரை. கேமரா ஓடியது. நாராயணம்மா கவிப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போடி வெளிய" என்பது வசனம்.

"போயிட்டு... வாம்மா," என்றாள் நாராயணம்மா.

"கட்!"

இரண்டாவது தடவை, "எம் பேரை வூட்ல எல்லாரும் திட்டுவாங்க சார்" என்றாள். மூன்றாவது தடவை கையைப் பிடித்தவள், கவிப்ரியா கண்ணில் கிளிசரின் கண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு, "அழுவாத கண்ணு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்று அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். நாராயணம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவேண்டியிருந்தது.

மூன்றே கால்.

முனிலட்சுமியால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. "இங்க பாருங்கம்மா," என்று தளத்துக்குள் இறங்கினாள். காட்சியை நடித்துக் காட்டிச் சொல்வது அவளுக்கு வழக்கம்தான். எழுத்தறையில் தினமும் மாமியாராகவும் மருமகளாகவும் அவளே பேசிக் காட்டுவாள். "அவ அழுவறதைப் பாக்காதீங்க. அந்த நகைப் பெட்டியைப் பாருங்க. அது உங்க அம்மாவோடது. உங்களுக்குக் குடுக்காம இவளுக்குக் குடுத்திருக்காங்க. இப்பச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கவிப்ரியா பக்கம் திரும்பினாள். காலை எட்டு இருபதிலிருந்து அடக்கிவைத்திருந்த அத்தனையும், ப்ரோமோ, பால் சொசைட்டி, குடம், அத்திப்பள்ளி லாரி எல்லாம் சேர்ந்து, அவள் குரலில் ஏறிக்கொண்டது.

"இந்த வூட்ல எல்லாரையும் நல்லவங்களாக்கிட்டியாடி? நல்லவங்களை ஏமாத்தறது சுலபம்னு ஆக்கினியா? எங்கிட்ட அது நடக்காது. நான் பொய்யைத் தொட்டாலே கண்டுபுடிக்கறவ. போடி வெளிய!"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றம் தாண்டிப் போனாள். கவிப்ரியா நிஜமாகவே பயந்துபோய் அலறினாள். கேட்டைத் தாண்டித் தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றார் குருமூர்த்தி மெதுவாக. "அந்தப் புடவையை நீங்க கட்டிக்கங்க."

"சார், விளையாடாதீங்க. நான் எழுதறவ."

"மணி மூணு இருபது மேடம். எழுபது பேரு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். சென்னப்பன் தூணோரமாகக் கைகட்டி நின்றார். வெங்கடம்மாள் பார்த்தாள். மாதேஸ்வரன் பார்த்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த லைட்மேன்கள் பார்த்தார்கள். முனிலட்சுமி நாராயணம்மாவோடு ஒப்பனை அறைக்குப் போனாள்.

தமிழில் ஒரே டேக். கன்னடத்தில், "ஹோகு! ஈ மனெயல்லி நினகெ ஜாக இல்ல!" என்று, அதாவது இந்த வீட்டில் உனக்கு இடமில்லை போ என்று, அவள் கத்தியதில் மாமரத்துக் காக்கைகள் பறந்தன. அதுவும் ஒரே டேக். நாலு இருபத்தேழுக்கு எபிசோடு சேனலுக்குப் போய்ச் சேர்ந்தது. முனிலட்சுமி புடவைகூட மாற்றாமல் எழுத்தறை நாற்காலியில் சரிந்தாள். ஆனாலும் மனசுக்கு இனிப்பாக இருந்தது. முகம் தெரியாத ஒரு பெண்ணையும் எழுபது பேரையும் ஒரே நாளில் கரையேற்றிவிட்டாள்.

ஐந்து மணிக்குக் குருமூர்த்தி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"சேனல்ல குதிக்கறாங்க மேடம்! 'யாருய்யா அந்த அத்தை? எங்க புடிச்சீங்க?'ன்னு கேக்கறாங்க. இனிமே கதையே சௌந்தரவல்லியைச் சுத்தித்தானாம். நூறு எபிசோடு. அந்த முகம் மாறக்கூடாதுன்னு எழுதியே அனுப்பிட்டாங்க."

"நூறா? சார், அப்ப நான் எப்ப எழுதறது?"

"அதான் பாத்தேன். காலையில ஏழு மணிக்கு மேக்கப். ரெண்டு பாஷை. சாயந்திரம் ஆறு வரைக்கும் நீங்க இல்லாத சீனே இருக்காது. எழுத்தை வேற யாராச்சும்தான் தலைமையில இருந்து பாக்கணும்."

இரண்டு பேரும் முத்துக்குமாரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கு வேண்டாம் சார். மேடம் இருக்கையில நான் எப்படி அந்த நாற்காலியில உக்காருவேன்? அவுக சொல்லச் சொல்ல எழுதிக் குடுக்கேன், அது போதும்."

அந்தப் பணிவுதான் முனிலட்சுமியை உருக்கியது. காலையிலேயே வேண்டாமே என்று எச்சரித்த ஒரே ஆள் இவர்தான். கேட்காமல் போனது தன் தவறு. கடைசியில் அந்த நாலு பக்கம் இல்லையென்றால் இன்று என்ன ஆகியிருக்கும்?

"உக்காருங்கண்ணா," என்றாள். கதைக் குறிப்புகள் இருந்த தடித்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "காரணத்தை மட்டும் பலமா வச்சுக்குங்க. அது இருந்தா எதையும் நம்ப வச்சிரலாம்."

"நீங்க சொன்னாச் சரிதான் மேடம்," என்றார் முத்துக்குமார். நோட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பஸ் ஏறி வீட்டுக்குப் போகும் வழியில் குருபரப்பள்ளியில் இறங்கினாள். சென்னப்பனின் வீடு மெயின் ரோட்டிலிருந்து நாலு வீடு உள்ளே. படப்பிடிப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு வழி கேட்டுக்கொண்டு, ஆப்பிள் ஒரு கிலோவும் இரண்டு முழம் மல்லியும் அரைக் கிலோ மைசூர்பாகும் வாங்கினாள். பூக்காரம்மாவிடம், "பொண்ணுக்கு வைக்கறதும்மா, நல்லா நெருக்கமாக் கட்டினதாக் குடுங்க" என்று கேட்டு வாங்கினாள். தன் அக்காவுக்குத்தான் கொடுப்பதுபோல ஒரு நினைப்பு.

மணி ஆறே கால். வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. மாலூர்க்காரர்கள் இன்னும் வரவில்லை போலும், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பஜ்ஜி வாசனை வரவில்லை.

சென்னப்பனின் மனைவி சரோஜம்மாள் கையில் முறத்தோடு வெளியே வந்தாள். ராகியைப் புடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். முனிலட்சுமியை அடையாளம் தெரிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வாங்க மேடம், வாங்க! அவரு இன்னும் வரலீங்களே. உள்ள வாங்க, காப்பி போடறேன்."

"காப்பி எல்லாம் வேணாம்மா. அவங்க வர்ற நேரத்துல நான் இடைஞ்சலா இருக்கமாட்டேன். பொண்ணு தலையில இந்தப் பூவை மட்டும் என் கையால வச்சிட்டுப் போயிடறேன்."

"எந்தப் பொண்ணுங்க?"

"உங்க பொண்ணுதாம்மா. மாலூர்ல இருந்து பாக்க வர்றாங்களே, ஆறு மணிக்கு?"

சரோஜம்மாள் பூவைப் பார்த்தாள், மைசூர்பாகைப் பார்த்தாள், முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டவளாக வாய்நிறையச் சிரித்தாள்.

"அட, அதுங்களா! எங்களுக்கு ரெண்டும் பசங்கதானுங்க மேடம். உங்க முத்துக்குமார் சாரு ஆளுக்கு ஒண்ணா எழுதிக் குடுத்தாராமே, அந்த வசனத்தை இவரு நாலு நாளா கண்ணாடி முன்னால நின்னு மனப்பாடம் பண்ணாரு. தப்பில்லாமச் சொன்னாருங்களா?"